எந்த வகையறா?

“நீங்க எந்த வகையறா?”

பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண்மணி எடுத்த எடுப்பிலேயே இப்படிக் கேட்டதும் மகளுக்குச் சுர்ரென்று ஏறியது. புற்றுநோய் ஆஸ்பத்திரியில், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு டாக்டருக்காகக் காத்திருக்கும் இடத்தில்கூடவா குலம் கோத்திரம் விசாரிப்பார்கள்?

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?” என்றாள் வெடுக்கென்று.

“ஐயோ, அந்த வகையறா இல்லம்மா!” பெண்மணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “மார்ல வர்ற கட்டியிலதான் இப்ப ஏகப்பட்ட வகை சொல்றாங்களே, ஹார்மோன்ல ரெண்டு, ஹெர்-டூ ஒண்ணுன்னு. அம்மாவுக்கு எந்த வகைன்னு கேட்டேன்.”

“மூணும் நெகட்டிவ்,” என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி. “மத்த எந்த டெஸ்ட்லயும் நெகட்டிவ்னு வந்தா ஸ்வீட் வாங்கிட்டுப் போவாங்க. இதுல மட்டும் அதுதான் மோசமாம்.”

அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து செல்போனில் சதவீதங்களைப் பார்த்துப் பார்த்து, கீமோ வேண்டவே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தாள். அதை டாக்டரிடம் நேரில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறாள். மகள் கெஞ்சியாயிற்று, அழுதாயிற்று, சண்டையும் போட்டாயிற்று. எதுவும் செல்லுபடியாகவில்லை.

“அட, நம்ம வகையறா!” பெண்மணி அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “எனக்கும் அதேதான். என் பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப ஆபரேஷன். இப்ப அவளுக்கே ரெண்டு பசங்க. ரெண்டும் என்னைப் படுத்தற பாடு இருக்கே, அந்தக் கீமோவே தேவலை!”

“ஒரே ஒரு உதாரணத்தை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுங்க,” என்றாள் அம்மா.

“டீச்சரா? நெனச்சேன். நிரூபணம் யாருக்கு வேணும் டீச்சரம்மா? யாருமே பொழைக்க மாட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னா, அவங்க வாயை அடைக்க ஒரு ஆள் போதாதா?”

அம்மா நிமிர்ந்தாள். வகுப்பில் யாராவது இந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பாள்.

“போதும்தான்,” என்றாள் மெதுவாக. பிறகு மகளிடம் திரும்பி, “ஒரு காபி வாங்கிட்டு வாடி. சர்க்கரை தூக்கலா,” என்றாள்.

அம்மா வாயைத் திறந்து ஏதாவது வேண்டும் என்று கேட்டு எத்தனை நாளாயிற்று! மகள் ஓடினாள்.

காபியோடு திரும்பியபோது அந்தப் பெண்மணி அடுத்த வரிசைக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு இளம்பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஹெர்-டூ பாசிட்டிவா? அட, நம்ம வகையறா! எனக்கும் அதேதான்!”

மகள் காபியை அம்மாவிடம் நீட்டிவிட்டு அவசரமாக நகர்ந்தாள்.

“யாருங்க அவங்க?” என்று நர்ஸிடம் கேட்டாள்.

“ரேடியோ அக்காவா?” நர்ஸ் சிரித்தாள். “வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வந்தா போதும். ஆனா வாராவாரம் வந்துடுவாங்க. வந்தா வாய் ஓயாது.”

அம்மாவுக்கு மட்டும் இது தெரிந்தால் எல்லாம் பாழ். மகள் நேராகப் போய் ரேடியோ அக்காவைத் தனியே கூப்பிட்டு, தூணுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

“எங்கம்மாகிட்ட மூணும் நெகட்டிவ்னீங்க. அந்தப் பொண்ணுகிட்ட ஹெர்-டூங்கறீங்க. வாய்க்கு வந்ததைச் சொல்றதுக்கு நாங்கதான் கிடைச்சோமா? உங்க பேச்சை நம்பித்தான் எங்கம்மா மனசு மாறியிருக்காங்க. உண்மையைச் சொல்லுங்க, உங்களுக்கு என்ன வகை?”

ரேடியோ அக்காவின் குரல் முதல் தடவையாகத் தணிந்தது.

“தெரியாதும்மா.”

“என்னது?”

“எனக்கு ஆபரேஷன் பண்ணப்ப இங்க வகை பிரிக்கிற டெஸ்டே வரல. கட்டின்னா கட்டி, அவ்வளவுதான். வெட்டி எடுத்துட்டு, எல்லாருக்கும் ஏத்தற மருந்தையே எனக்கும் ஏத்தி அனுப்பிட்டாங்க. அது எந்த வகையா வேணா இருந்திருக்கலாம்.”

“எதுன்னே தெரியாமலா இத்தனை வருஷம் நல்லா இருக்கீங்க?”

இதைக் கேட்டது மகள் இல்லை. பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

மகளுக்கு உயிரே போய்விட்டது. அம்மாவோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். கரும்பலகை முன்னால் நிற்கும்போது அப்படித்தான் செய்வாள்.

“நீங்க வகையும் தெரியாம, அதுக்குன்னு தனி மருந்தும் இல்லாம தாண்டி வந்துட்டீங்க. எனக்கு வகை தெரியும். அதைப் பார்த்து மருந்து கொடுக்க டாக்டரும் இருக்கார். கணக்கு எனக்குச் சாதகமாத்தானேடி வருது?”

மகள் வேகமாகத் தலையாட்டினாள். கண் நிறைந்திருந்தது.

நர்ஸ் கூப்பிட்டாள். அம்மா கைப்பையை மகளிடம் கொடுத்தாள்.

“கீமோவை எப்ப ஆரம்பிக்கலாம்னு கேட்டுட்டு வந்துடறேன்.”

டாக்டர் அறை வாசல்வரை போனவள் திரும்பி ரேடியோ அக்காவிடம் வந்தாள். எந்தக் கணக்கையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை அவளுக்கு.

“ஆமா, அந்த டெஸ்டுதான் அப்புறம் வந்துடுச்சே. நீங்க பார்த்துக்கலையா?”

“டாக்டர் கேட்டார். என் பழைய கட்டியில ஒரு துண்டு லேப்ல இன்னும் பத்திரமா இருக்காம். என்ன வகைன்னு பார்த்துச் சொல்லட்டுமான்னார். வேணாம்னுட்டேன்.”

“ஏன்?”

ரேடியோ அக்கா, நாற்காலிகளில் தலை குனிந்து காத்திருந்தவர்களை ஒரு தடவை பார்த்தாள்.

“தெரிஞ்சுட்டா நான் ஒரு வகையறாவுக்கு மட்டும்தானே சொந்தக்காரி, டீச்சரம்மா? மத்தவங்க பக்கத்துல எந்த உரிமையில போய் உட்காருவேன்?”