மைனா வீட்டு அவசரம்

முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டதால், ஒரு மைனாத் தம்பதி முதல்முறையாகச் சொந்த வீடு வாங்கக் கிளம்பினார்கள். தரகர் அணில், வேப்பமரத்துப் பொந்து ஒன்றைக் காட்டினார்.

"காற்று வருமா?" என்று மனைவி மைனா கேட்டு முடிப்பதற்குள், ஒரு கிளி ஐந்து கொய்யா கொடுத்து அதை வாங்கிவிட்டது. அடுத்த பொந்தில், "மழைக்கு ஒழுகுமா?" என்று கணவர் கேட்டார். அதற்குள் ஆந்தை உள்ளே போய்ப் படுத்துவிட்டது.

"இப்படிக் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா முட்டையை நடுரோட்டுலதான் போடணும்," என்று மனைவி அழுதாள். "இனி பார்த்ததும் சரின்னு சொல்லிடுங்க!"

களைத்துப்போன அணில், ஒரு மாமரத்துப் பொந்தின் முன் நின்றார். "இது வந்து..."

"சரி! பத்துக் கொய்யா!" என்று கத்தினார் கணவர்.

"ஐயோ, இது என் வீடுங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

"இருபது!"

அணில் கொஞ்சநேரம் வாலைச் சொறிந்தார். பிறகு பொந்துக்குள் குரல் கொடுத்தார்: "ஏம்மா, சாமானையெல்லாம் கட்டு."

சாயங்காலமே மைனாக்கள் குடியேறிவிட்டார்கள். வெளியே கிளையில், கொய்யாக் குவியல் உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி அணிலின் மனைவி கேட்டாள்:

"நல்ல விலைதாங்க. இதையெல்லாம் இப்போ எங்கே வைக்கிறது?"