கோடிட்ட இடம்

"காலை ஆட்டாதே சிட்டு, அளவு தப்பாயிடும்."

தரையில் விரித்த வெள்ளைத் தாளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கொக்கு மாதிரி நின்றாள் சிட்டு. குனிந்து உட்கார்ந்து, அந்தக் குட்டிப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினாள் அவள்.

செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினான் கணவன். "புதுச் செருப்பா? போன மாசம்தானே வாங்கினோம்?"

"செருப்பு இல்லீங்க. மூணாம் வகுப்புக்கு வரப்போற புது மிஸ் கேட்டிருக்காங்க. லீவுல வீட்டுலயே செஞ்சு அனுப்பணுமாம்."

"ஸ்கூல் சமாச்சாரமெல்லாம் உன் பாடு," என்று மறுபடி செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டான் அவன்.

அந்தப் பள்ளியில் அப்படியொரு வழக்கம். அடுத்த வகுப்பு மிஸ் யாரென்று அறிமுக நாள்வரை சொல்ல மாட்டார்கள். அவர் தரும் வேலைகளை மட்டும் ஒரு உறையில் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவார்கள். பாதத்தை வரை, பிடித்ததை வரை, பிடிக்காததை வரை, அறிமுக நாளன்று உன்னோடு வருபவரை எனக்கு நீயே அறிமுகம் செய்.

பிடிக்காததற்கு ஒரு பெட்டியை வரைந்திருந்தாள் சிட்டு. துணிப்பெட்டி, கைப்பிடியோடு.

"பெட்டி என்னடா பண்ணிச்சு உன்னை?"

"பெட்டி எடுத்தா போயிடுவாங்க."

"நான் எங்கயும் போக மாட்டேன்."

"தெரியும்," என்றாள் சிட்டு, பிரிட்ஜைப் பார்த்து.

அவள் இந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவள். முதல் மனைவி சண்டை போட்டுக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் சாப்பிடும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவான் கணவன். ஒரு போட்டோகூட வீட்டில் மிச்சமில்லை.

போன வருஷம் கல்யாணமான அன்றே, "இனிமே இவங்கதான் அம்மா, எங்க கூப்பிடு பார்ப்போம்," என்று மகளை அதட்டினான். அன்றைக்கு மூடிக்கொண்ட வாய்தான், அவளை எதைச் சொல்லியும் கூப்பிட்டதில்லை. பசித்தால் பிரிட்ஜிடம் "பசிக்குது" என்பாள் சிட்டு. பின்னல் போட வேண்டுமென்றால் சீப்பை அவள் மடியில் வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்காருவாள்.

தையல் கடையில் அளவெடுக்கும் வேலை அவளுக்கு. குழந்தையின் தோள், இடுப்பு, கை நீளமெல்லாம் டேப் இல்லாமலே தெரியும். மனசுக்குத்தான் டேப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அறிமுகம் சொல்லிப் பழகலாமா? இப்ப நான்தான் மிஸ். வணக்கம் சிட்டு, கூட வந்திருக்கிறது யாரு?"

"மிஸ், இவங்க என்னோட..."

"ம், என்னோட?"

சிட்டு பென்சில் முனையைக் கடித்தாள். "அன்னிக்குச் சொல்லிக்கறேன்."

விடுமுறை முழுக்கப் பழகியும் வாக்கியம் அந்த இடத்தைத் தாண்டவில்லை. ஒரு வருஷமாக வராத சொல் இனியா வந்துவிடப் போகிறது என்று மனசு சொன்னது. காது மட்டும் அதைக் கேட்காமல் காத்துக்கொண்டிருந்தது.

உறையைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது எதிர் வீட்டுக்காரியும் கூட வந்தாள். அவள் மகனும் அதே வகுப்புதான்.

"பாதம் வரையணுமா? எங்க வீட்டு வாலுக்கு அப்படி ஒண்ணும் வரலியே அக்கா! மிஸ் என்ன, செருப்புக் கடை வைக்கப் போறாங்களா?"

"பிள்ளைக்குப் பிள்ளை வேற வேற குடுத்திருப்பாங்க," என்று சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

அறிமுக நாளன்று கணவன் வழக்கம்போல வேலையைச் சாக்கிட்டுக் கழன்றுகொண்டான். அவள் சிட்டுவுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, தானே தைத்த சட்டையை மாட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

வகுப்பறைச் சுவரெல்லாம் பிள்ளைகளின் படங்கள். சிட்டுவின் பெட்டியும் ஒரு மூலையில் ஒட்டியிருந்தது. பாதம் மட்டும் எங்கேயும் இல்லை.

அது மிஸ்ஸின் மேஜைமேல் இருந்தது. அதன் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார் மிஸ். காலடிச் சத்தம் கேட்டு மெல்ல நிமிர்ந்தார்.

சிட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"பயப்படாதே, பழகினதுதானே? சொல்லு," என்று காதோரம் கிசுகிசுத்தாள் அவள்.

"அம்மா..."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாவம், பதற்றத்தில் முன்னால் இருந்ததையெல்லாம் முழுங்கிவிட்டுக் கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்பிவிட்டது குழந்தை! கண்ணீர் முட்ட, அள்ளிக்கொள்ளக் குனிந்தாள்.

சிட்டு அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் பிடியிலிருந்து விரல்களை உருவிக்கொண்டு, மேஜையையே பார்த்தபடி, விடுமுறை முழுக்கப் பழகிய வாக்கியத்தை முதல் முறையாகத் தடுமாறாமல் சொல்லி முடித்தாள்.

"அம்மா, இவங்க என்னோட சித்தி."