பதிவேட்டில் நான்காவது

பெரம்பூரில் அந்தத் தெருவைப் பாரம்பரியத் தெரு என்று அறிவித்தபோது, தூண்களோடு வழக்கங்களையும் மாற்றக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். எவாஞ்சலின் வாங்க வந்த வீட்டின் வழக்கப் பதிவேட்டில் நான்காவதாக ஒரு சண்டை இருந்தது. அந்த வீட்டு முருங்கைப் பூ மதில் தாண்டிக் கொட்டுவதற்காக, பக்கத்து வீட்டுக் குணவதியோடு வாரம் ஒருமுறை போட வேண்டும். பழைய சொந்தக்காரி சரோஜா நாற்பது வருடம் போட்டாள். அவள் இறந்து பதினோரு மாதமாக வீடு பூட்டிக் கிடந்தது.

சண்டையைக் கண்ணால் பார்த்தால்தான் பாரம்பரியத் துறை அதிகாரி வீட்டு விற்பனைக்குக் கையெழுத்திடுவார். எவாஞ்சலினோ, நல்ல பெயர் எடுக்க நினைத்து, அன்று காலையிலேயே குணவதி பக்கத்துப் பூவையெல்லாம் பெருக்கி அள்ளியிருந்தாள்.

அதிகாரி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பூவே இல்லையேம்மா. சண்டைக்குக் காரணம் வேணும்ல? இந்த வீடு உங்களுக்குக் கிடைக்காது."

வடாம் காயவைத்துக்கொண்டிருந்த குணவதி நிமிர்ந்தார். மதில் தாண்டி நீண்டிருந்த முருங்கைக் கிளையை எட்டிப் பிடித்து உலுக்கினார். வடாம் முழுக்கப் பூ.

"யாரும்மா அது? உன் மரத்துக்கு என் வடாம்தான் கிடைச்சுதா?"

எவாஞ்சலினுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"மரம் நகராது ஆன்ட்டி. வடாத்தை நீங்க தள்ளிப் போடுங்க."

அதிகாரி கையெழுத்திட்டார்.

"வாயப் பாரு," என்றார் குணவதி. அவர் முகம் மலர்ந்திருந்தது. "தைரியம் இருந்தா இங்க வந்து சொல்லு. காபி போடறேன்."