புகை குறைந்த இன்ஜின்

"வண்டி ஓட்டின பையன் பெட்ரோல்ல ஆயில் கலக்க மறந்துட்டான்னு எழுதிடுங்க பாய்" என்றார் மேனேஜர் அருள்மொழி.

"மறக்கல சார். நான் சொன்ன அளவுலதான் ஊத்துனான். புகை வரக்கூடாதுன்னு ஆயிலைக் குறைச்சது நான். ஓடிக்கினு இருக்கும்போதே பிஸ்டன் இறுகி, சக்கரம் நின்னுடுச்சு" என்றார் புது மொபெட் இன்ஜினை வடிவமைத்த ஷஃபியுல்லா.

பருத்திப்பட்டு சாலையில் அதைச் சோதித்து ஓட்டிய ஃபாரூக்கை அடக்கம் செய்து மூன்று நாளாகியிருந்தது.

"உண்மைய எழுதினா இந்த இன்ஜின் திட்டத்தையே மூடிடுவாங்க. உங்க ஆறு வருஷ உழைப்பு பாய்."

"செத்தவன் மேலயா பழி போடறது?"

"குடும்பம் ஒத்துக்கிட்டா கேஸ் இருக்காது."

அருள்மொழி நிமிர்ந்து பார்க்காமல் அறிக்கையை நீட்டினார்.

"டிசைனர்னு இங்க ஒரு கையெழுத்து போடுங்க. அதுக்குக் கீழ, ஃபாரூக்கோட அப்பான்னு இன்னொண்ணு போட்டுடுங்க பாய்."