கொடியில் ஈரச் சட்டை

மகன் ஜானகிராமன் டாக்டருக்குப் படிக்க லண்டனுக்குக் கப்பலேறிய அன்று களைந்துபோட்ட சட்டையைப் பொன்னம்மாள் துவைக்கவில்லை. பயணம் போனவர் வந்து சேரும்வரை அதைத் துவைக்கக் கூடாதென்று திருமழிசையில் சொல்வார்கள். வீட்டுக்குள் கொடியில் கிடந்த சட்டை தினமும் விடியும்போது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அங்கே ஓயாத மழையாம். இங்கோ ஏரியே வெடித்துக் கிடந்தது. சட்டை சொட்டிக் கரைந்த மண் தரையைத் தினமும் சாணமிட்டு மெழுகி அவளுக்கு இடுப்பு ஒடிந்தது.

இன்று தரையும் சட்டையும் காய்ந்திருந்தன.

“இன்னா புள்ள, உன் மவனுக்குக் குடை கெடைச்சிடுச்சி போலகீது,” என்று சிரித்தார் கணவர் லோகநாதன். “மெழுகுற வேலை உட்டுச்சி உனக்கு.”

பொன்னம்மாளுக்கு அந்த ஈரம்தான் மகனிடமிருந்து தினமும் வந்த சேதி. கிணற்றிலிருந்து ஒரு வாளி நீர் இறைத்து வந்து, சட்டையை முக்கி, பிழியாமல் கொடியில் போட்டாள். பிறகு சாணம் கரைக்க உட்கார்ந்தாள்.