ஆசாரியரின் மணிக்கட்டு

மில்காளின் குஷ்டம் குணமாகி நாலு மாதமாகிறது. ஆனாலும் ஆசாரியர் தம் வாயால் "சுத்தம்" என்று சொன்னால்தான் ஊருக்குள் விடுவார்கள். சொல்கிறவரும் சுத்தமாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் அந்தச் சொல் செல்லாது. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஆசாரியர் என்று இருந்தவர் எலியாசீப் ஒருவர்தான். அன்று அவர் வந்து, அவளை வெயிலில் நிறுத்தி, கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊர்வாசலுக்கு உள்ளே அவள் மகள் காத்து நின்றாள்.

"ஒரு வடுகூட இல்லையேம்மா" என்றவர், அறிவிப்பதற்காகக் கையை உயர்த்தினார். அங்கி சரிந்தது. மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு திட்டு. அதிலிருந்த மயிரும் வெளுத்திருந்தது. அவளுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

"மூடிக்கோங்க ஐயா. நான் ஒண்ணும் பாக்கலை. அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிடுங்க."

அவர் உதடுகள் அசைந்தன. பிறகு அந்த வார்த்தையைச் சொல்லாமலே கையை இறக்கி, ஊர்வாசலுக்கு முதுகு காட்டி, அவள் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்தார்.