கட்டைவிரல் கறை

பெல்ஜியத்து எல்லை ஊர் மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் மதிய உணவு நேரம் நெருங்குகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுத்தர் லீவன், பச்சை மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு அரைத்துத் தடவிய ரொட்டியைக் கடிக்கிறான். சிவந்த விழுது அவன் கட்டைவிரலில் வழிகிறது. இந்தப் பக்கம் சிட்ஸ்கே நிற்கிறாள். பாதி ஆயுள் ஹாலந்தில் மீன் வெட்டியவள். ஓய்வூதியம் அங்கிருந்து வருவதால், வைத்தியச் செலவும் தங்கள் பொறுப்பு என்று அந்த நாடே சான்று தர வேண்டும். பல மாதம் காத்திருந்து வாங்கிவிட்டாள். அது இங்கே பதிவானால்தான் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற நாளை நர்ஸ் வருவாள். புண்ணின் நீர் துணியைத் தாண்டிச் செருப்பில் இறங்குகிறது. அந்த வாடையும் வெங்காய வாடையும் கலந்து, வரிசையில் அவளுக்கு அடுத்து நிற்கும் என் மூக்கில் ஏறுகிறது. லீவன் சான்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறான். முத்திரை மேல் சிவப்பாக ஒரு கட்டைவிரல் பதிகிறது.

“முத்திரையில கறை இருக்கேம்மா. இது செல்லாது. அங்கேர்ந்து புதுசா அனுப்பச் சொல்லுங்க.”

“கொண்டாந்தப்ப இல்லையே! அது உன் விரல்டா, நீ திங்கிற கறி!”

“சாப்பாட்டு நேரத்துல வந்தது நீங்கதானே?”

வரிசை முழுவதும் தரையைப் பார்க்கிறது. சிட்ஸ்கே கைக்குட்டையால் துடைக்கிறாள். கறை முத்திரையையும் இழுத்துக்கொண்டு பரவுகிறது. காலை இழுத்து இழுத்து அவள் வாசலுக்குப் போக, தரையில் ஈரத்தடம் நீள்கிறது. லீவன் மிச்ச ரொட்டியை வாயில் திணித்தபடி என்னைப் பார்த்துத் தலையசைக்கிறான். நான் என் சான்றை நீட்டுகிறேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்து: “நல்லா சாப்பிடுங்க சார், எனக்கொண்ணும் அவசரமில்ல.”